சினாய்ப் படிகளும் பெயரில்லா வழிகாட்டிகளும்

உலகின் பழைய பிரயாண நூல்களைப் படித்துக்கொண்டு போகும்போது ஒரு விடயம் கண்ணிற் படும். மலையின் பெயர் அங்கே இருக்கும். மலையேறியவரின் பெயர் இருக்கும். ஏறிய நாளும் வேளையுங்கூடச் சில நூல்களில் இருக்கும். முன்னே நடந்து வழி காட்டியவரின் பெயர் மாத்திரம் பெரும்பாலும் இருக்காது. 'எமது வழிகாட்டி' என்ற ஒரு சொல்லோடு அந்த மனிதரின் கதை முடிந்துவிடும்.

இந்த எண்ணம் எனக்கு வாசிப்பினால் மட்டும் வந்ததன்று. 2023 ஆம் ஆண்டு மார்ச் மாத முற்பகுதியில், எகிப்து நாட்டின் சினாய் மலையில், ஒரு முழுப் பகற்பொழுது ஒரு வழிகாட்டியின் குதிகாலைப் பார்த்தபடியே ஏறி இறங்கியதனாலும் வந்தது. அந்த மலையின் வரலாற்றையும் அதில் வழி காட்டுவோரின் வரலாற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது என் துணிபு. அதனையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

செங்கடலின் வடமுனை இரண்டு குடாக்களாகப் பிரிகிறது. மேற்கே சுயஸ், கிழக்கே அக்கபா. இரண்டுக்கும் இடையில் முக்கோணமாக நிற்கும் வரண்ட நிலந்தான் சினாய்க் குடாநாடு. அதன் தென்பகுதி முழுவதும் கருங்கல் மலைகள். அவற்றுள் ஒன்றை அரபு மக்கள் 'ஜபல் மூசா' என்பர். மூசாவின் மலை என்று பொருள். நம் நாட்டுக் கிறிஸ்தவர் மோசே என்றும், முஸ்லிம்கள் மூசா நபி என்றும் சொல்லும் அதே பெரியார் இறைவனிடம் கட்டளைகளைப் பெற்ற மலை இதுவே என்பது நெடுங்கால நம்பிக்கை. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயங்கள் மூன்றுக்கும் சினாய் என்ற பெயர் புனிதமானது. குர்ஆனின் 52 ஆம் அத்தியாயம் 'அத்தூர்', அதாவது மலை, என்றே பெயர் பெற்றிருக்கிறது.

இதன் உயரம் 2,285 மீற்றர். எங்கள் சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பல சமயத்தவர் ஒரே படியில் ஏறுவதிலும் சமம். ஆனால் எங்கள் மலையில் அட்டை கடிக்கும் ஈரம். அங்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் வரட்சி. எங்கள் மலையில் வழி தவறினால் காடு. அங்கே வழி தவறினால் தண்ணீரில்லாத கல்.

வேதநூல் கூறும் மலை இதுதானா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கே உள்ள சேர்பால் மலையே அது என்று 19 ஆம் நூற்றாண்டில் சிலர் வாதிட்டனர். ஜேர்மானிய அறிஞர் லெப்சியுஸ் அவர்களுள் ஒருவர். 1838 இல் வந்த அமெரிக்கரான எட்வேர்ட் றொபின்சன், ஜபல் மூசாவின் வடமேற்குக் கொடுமுடியான றாஸ் சப்சாபாவைக் காட்டினார். தொல்பொருள் சான்று எதுவும் இதுவரை எந்த மலையையும் உறுதிப்படுத்தவில்லை. ஆயினும், கிறிஸ்தவத் துறவிகள் 4 ஆம் நூற்றாண்டிலேயே இந்த மலையடியில் குடியேறிவிட்டார்கள். மோசே ஏறினாரோ இல்லையோ, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் ஏறி வந்திருக்கிறார்கள் என்பது மறுக்க முடியாத வரலாறு.

இக்காலத்தில் அங்கே செல்வோரிற் பெரும்பாலானோர் நள்ளிரவு கடந்து புறப்பட்டு, ஒட்டகப் பாதையால் ஏறி, சூரியோதயம் பார்த்து இறங்கிவிடுகிறார்கள். நான் பகலிலே, படிவழியே ஏற விரும்பினேன். வழிகாட்டி இன்றி ஏறுவதற்கு அனுமதியில்லை. ஜபலிய்யா என்னும் பெதுவீன் குலத்தவரே முறை வைத்து வழிகாட்டிகளாக வருவர். என் முறைக்கு வந்தவர் ஐம்பது வயதை அண்மித்த ஒருவர். அவருடைய பெயரை நான் அறிவேன். ஆனால், தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதன் காரணம் பின்னர் தெரியவரும்.

காலை ஏழு மணிக்கு மடத்தின் பின்புறத்தில் இருந்து புறப்பட்டோம். கம்பளி உடுப்புக்குள்ளும் குளிர் ஏறியது. அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தல்களை எண்ணினார். என் வயதைக் கேட்டார். பின்பு, "ஷுவைய, ஷுவைய" என்றார். மெதுவாக, மெதுவாக என்பது அதன் பொருள். அன்று முழுவதும் நான் அதிகம் கேட்ட சொல் அதுவே.

இந்த மலைக்கு ஏறியதைத் தம் கைப்பட எழுதிய மிகப் பழைய யாத்திரிகர் ஒரு பெண்மணி என்பது இலக்கிய ஆர்வலர்கள் அறிய வேண்டியது. 4 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், 380 களின் தொடக்கத்தில், அவர் ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து வந்தார். ஊரிலிருந்த தம் சகோதரியருக்கு இலத்தீன் மொழியிற் கடிதமாக எழுதினார். மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏற முடியாது, சுவரில் ஏறுவது போல நேரே ஏற வேண்டும் என்ற கருத்துப்பட அவர் முறையிடுகிறார். உச்சியில் ஒரு சிறிய ஆலயம் இருந்ததையும், அங்கிருந்த குருமார் மலையில் விளைந்த பழங்களைக் கொடுத்து உபசரித்ததையும் குறிப்பிடுகிறார்.

அந்த நூலின் கதையும் விசித்திரமானது. 11 ஆம் நூற்றாண்டுப் பிரதியொன்று 1884 இல் இத்தாலியின் அறெஸ்ஸோ நகரில் கமுர்ரினி என்பவராற் கண்டெடுக்கப்பட்டது. அதன் தொடக்க ஏடுகளும் இறுதி ஏடுகளும் இல்லை. ஆகவே எழுதியவரின் பெயரும் இல்லை. 7 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறவியான வலேரியுஸ் எழுதிய ஒரு கடிதத்தைக் கொண்டே அவர் பெயர் எகேரியா என்று அறிஞர் கண்டுகொண்டனர். ஏறியவருக்கே பெயர் மிஞ்சியது இப்படித்தான். அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற துறவிகளோ, அந்த நூலில் 'புனிதர்கள்' என்ற பொதுச் சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

எங்கள் நாட்டோடு தொடர்புடைய ஒரு யாத்திரிகரும் இந்தக் குடாநாட்டுக்கு வந்திருக்கிறார். 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்து வணிகரான கொஸ்மாஸ் என்பவர் அவர். 'தப்ரபேன்' எனக் கிரேக்கர் அழைத்த இலங்கையின் துறைமுகத்தையும், பல திசைகளிலிருந்தும் அங்கு வந்து கூடிய கப்பல்களையும், இங்கு வாழ்ந்த பாரசீகக் கிறிஸ்தவர்களையும் பற்றி எழுதியவர் என்று எங்கள் வரலாற்று மாணவர்கள் அவரை அறிவார்கள். அதே கொஸ்மாஸ் சினாய்ப் பாலைவனத்திலும் நடந்தார். வழிநெடுகப் பாறைகளிற் கீறப்பட்டிருந்த எழுத்துகளைக் கண்டு, எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலரின் எழுத்துகளே அவை என எழுதிவைத்தார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை நிலவியது. 1840 இல் ஜேர்மனியின் பேயர் என்ற இளம் அறிஞர் அவற்றை வாசித்து, அவை நபாத்தேயர் என்னும் பண்டை அரபு வணிகக் குலத்தாரின் எழுத்துகள் என்று நிறுவினார். ஒட்டகங்களோடு அவ்வழியே போனவர்கள் தங்கள் பெயர்களையும் வாழ்த்துகளையும் கீறிவைத்திருக்கிறார்கள். நூல்களில் இடம்பெறாதவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கொஸ்மாஸின் நூலினுடைய 11 ஆம் நூற்றாண்டுச் சித்திரப் பிரதியொன்று இன்றும் அந்த மலையடி மடத்திலேயே இருக்கிறது. இலங்கையைப் பற்றிய அந்த வரிகள் இத்தனை காலம் சினாய்ப் பாறைகளுக்கிடையே காவலிருந்தன என்று நினைக்க எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று.

அரைமணி நேரத்தில் மடம் எங்கள் காலடியில் ஒரு தீப்பெட்டி போலத் தெரிந்தது. புனித கத்தரீனாள் மடம் என்று இன்று அழைக்கப்படும் அக்கோட்டையைக் கட்டியவன் உரோமப் பேரரசன் ஜஸ்டினியன். ஆலயத்தின் கூரை உத்தரங்களில் வெட்டப்பட்ட எழுத்துகள் பேரரசனை வாழ்பவனாகவும், அரசி தியடோராவை மறைந்தவளாகவும் கூறுகின்றன. அரசி இறந்தது 548 இல். அரசன் இறந்தது 565 இல். ஆகவே இடைப்பட்ட காலத்தில் ஆலயம் எழுந்தது என்று துணியலாம். கட்டிய ஸ்தபதியின் பெயரும் உத்தரத்தில் உண்டு. அக்கபாக் கரையிலிருந்த அய்லா ஊரவனான ஸ்தேபான் என்பவன் அவன்.

மடத்தைக் காப்பதற்காகப் பேரரசன் நூறு குடும்பங்களை உரோம நிலத்திலிருந்தும், நூறு குடும்பங்களை எகிப்திலிருந்தும் அனுப்பி இங்கே குடியேற்றினான் என்று 10 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் மறைமுதல்வராக இருந்த யூத்திக்கியுஸ் எழுதுகிறார். அவர்களின் வழிவந்தோரே ஜபலிய்யா குலத்தார். ஜபல் என்றால் மலை. ஜபலிய்யா என்றால் மலையினர். காலப்போக்கில் அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினர். அரபு மொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டனர். ஆனால் மடத்தைக் காக்கும் கடமையை விட்டுவிடவில்லை. முஸ்லிம் குலமொன்று கிறிஸ்தவ மடமொன்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறது. மடமும் அவர்களுக்கு ரொட்டி கொடுத்தது. தோட்டத்தில் வேலை கொடுத்தது. மடத்துக்குள்ளே, ஆலயத்துக்கு எதிரில், பாத்திமிய கலீபாக்களின் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. நபிகள் நாயகம் மடத்துக்கு அடைக்கலம் தந்து எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் ஓர் உடன்படிக்கையின் பிரதியையும் துறவிகள் போற்றிவைத்திருக்கிறார்கள். அதன் மூலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதன் பயனைப் பற்றி வேற்றுமை இல்லை. மடம் ஒருபோதும் தரைமட்டமாக்கப்படவில்லை.

"உங்கள் முன்னோர் உரோம நாட்டவர் என்கிறார்களே?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

அவர் திரும்பாமலே சொன்னார். "அப்படித்தான் பெரியவர்கள் சொல்வார்கள், ஐயா. எங்கிருந்து வந்தோம் என்பது பழங்கதை. இந்தக் கல்லுக்கு எங்களைத் தெரியும்."

படிகள் 3,750 என்பது மடத்தார் கணக்கு. ஒரு துறவி தம் பாவத்துக்குப் பரிகாரமாக இவற்றை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார் என்பது ஐதிகம். படி என்றவுடன் எங்கள் கோயிற் படிகளை எண்ணிவிடக் கூடாது. சில ஒரு சாண் உயரம், சில முழங்காலளவு. சில வெறும் பாறைத்துண்டுகள். எனக்கு நெஞ்சு அடைத்தது. எண்ணிக்கொண்டே ஏறினால் களைப்புத் தெரியாது என்று நினைத்து எண்ணத் தொடங்கினேன். நானூறுக்கு மேல் கணக்கு விட்டுப்போயிற்று. "மொத்தம் எத்தனை படி என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"மடத்துச் சாமிமார் எண்ணியிருக்கிறார்கள். நான் எண்ணவில்லை. எந்தப் படி ஆடும் என்பது எனக்குத் தெரியும்" என்றார்.

அதன் பின்பே நான் கவனித்தேன். அவர் சில படிகளை மிதியாமல் தாண்டினார். சில இடங்களில் திரும்பி நின்று, தமது தடியால் எனக்கு ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினார். இரண்டு இடங்களில் குனிந்து, சரிந்து கிடந்த கல்லைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து, காலால் அழுத்திப் பார்த்தபின் நடந்தார். மாரியில் மழை வெள்ளமும் பனியும் படிகளைப் பெயர்த்துவிடும். ஏறும்போதெல்லாம் இரண்டு கல்லாவது வைத்துவிட்டுப் போவது தம் தகப்பனார் பழக்கிய பழக்கம் என்றார். ஆறாம் நூற்றாண்டுத் துறவியோ யாரோ அமைத்த படிகள் இன்று மிதிபடும் நிலையில் இருப்பதற்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கிற்று. ஐதிகம் ஒரு துறவியைச் சொல்கிறது. அவருக்குப் பின் கல் வைத்தவர்களை யாரும் சொல்வதில்லை.

பாதி வழியில் பாறைகளுக்கிடையே ஒரு கல் வளைவு நிற்கிறது. இதுவே ஸ்தேபான் வாசல். ஸ்தேபான் என்ற துறவி இங்கே அமர்ந்து, மேலே செல்வோரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டு, மனம் சுத்தியானவர்களையே போக விடுவார் என்பது மரபு. 7 ஆம் நூற்றாண்டில் இம்மடத்தின் தலைவராக இருந்து 'ஏணி' என்னும் புகழ்பெற்ற ஆன்மிக நூலை எழுதிய யோவான் கிளிமாக்குஸ், அந்த நூலிலே ஸ்தேபான் என்ற வனவாசியின் மரணத்தை விவரிக்கிறார். முப்பது படிகளாக அமைந்தது அந்நூல். இந்தப் படிகளை நாளாந்தம் பார்த்தவருக்கு ஆன்ம வாழ்வை ஏணியாக எழுதத் தோன்றியதில் வியப்பில்லை. ஸ்தேபானின் எலும்புக்கூட்டுக்குத் துறவியுடை உடுத்தி, மடத்தின் என்புக் கூடத்தின் வாயிலில் இன்றும் இருத்தி வைத்திருக்கிறார்கள்.

மேலும் ஏறியதும் மலை திடீரென விரிந்து ஒரு கிண்ணம் போலாகிறது. எலியா இறைவாக்கினரின் பெயரால் அழைக்கப்படும் சமதரை அது. அங்கே முதிய சைப்பிரஸ் மரம் ஒன்றும் சிறு ஆலயங்களும் உண்டு. வழிகாட்டி சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டித் தேநீர் வைத்தார். கற்களிடையே வளரும் ஒரு வகை வாசனைப் பூண்டைக் கிள்ளிப் போட்டார். அந்தப் பூண்டின் இனத்தையே நம்பி உயிர்வாழும் ஒரு சிறு நீல வண்ணத்துப்பூச்சி உலகில் இந்த மலைகளில் மாத்திரமே உள்ளது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். விரல் நகமளவேயான பூச்சி அது.

அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 750 படிகள். கையையும் ஊன்றி ஏற வேண்டியிருந்தது. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றேன். அவரும் நின்றார். ஒருமுறையேனும் "இன்னும் கொஞ்சந்தான்" என்று பொய் சொல்லவில்லை. "பாதி இருக்கிறது" என்றார். பின்பு "கால்வாசி இருக்கிறது" என்றார். மலையில் உண்மை சொல்லும் வழிகாட்டி கிடைப்பது பெரும் பாக்கியம்.

உச்சியில் 1934 இல் பழைய ஆலயத்தின் கற்களைக் கொண்டு எழுப்பிய ஒரு சிற்றாலயம் இருக்கிறது. சில அடி தள்ளிச் சிறு பள்ளிவாசல் ஒன்று. இரண்டுக்கும் ஒரே காற்று அடிக்கிறது. தென்மேற்கே 2,600 மீற்றருக்கு மேல் உயர்ந்த கத்தரீனாச் சிகரம். எகிப்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. மற்றத் திசையெங்கும் செந்நிறமும் கருநிறமுமான கற்கடல். ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர் புறொகோப்பியுஸ், உச்சியில் ஓயாத இடிமுழக்கம் கேட்பதால் மனிதர் அங்கே இரவு தங்க முடியாது என்று எழுதினார். நான் நின்ற மதிய வேளையில் அங்கே ஒரு சத்தமும் இல்லை. வழிகாட்டி பள்ளிவாசலின் ஓரம் சென்று தொழுதார். நான் ஆலயச் சுவரில் சாய்ந்திருந்தேன். மூச்சுச் சீரானபின் கீழே உள்ள மடத்தின் நூலகம் நினைவுக்கு வந்தது.

மூவாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பழஞ்சுவடிகள் அங்கே உள்ளன. கிரேக்கம், அரபு, சிரியம், ஜோர்ஜியம் எனப் பல மொழிகள். உலக இலக்கிய அரங்கில் அந்நூலகத்தைப் பிரசித்தப்படுத்தியது 4 ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட கிரேக்க வேதாகமப் பிரதி. கொன்ஸ்தந்தீன் டிஷன்டோர்ஃப் என்ற ஜேர்மானிய அறிஞர் 1844 இல் அதில் 43 ஏடுகளைப் பெற்று லைப்சிக் நகருக்குக் கொண்டுசென்றார். எரிப்பதற்காகக் கூடையில் போட்டிருந்த ஏடுகளைத் தாம் மீட்டதாக அவர் பின்னர் எழுதினார். துறவிகள் அதனை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. 1859 இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆதரவோடு அவர் மீண்டும் வந்து, எஞ்சிய பெரும்பகுதியைக் கண்டார். திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டு ஒரு கடுதாசி கொடுத்து அதை எடுத்துச் சென்றார். பிரதி திரும்பவில்லை. 1869 இல் அது சார் மன்னருக்கு அன்பளிப்பாக எழுதிக்கொடுக்கப்பட்டது. 1933 இல் சோவியத் அரசு அதனை ஒரு இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய நூதனசாலைக்கு விற்றது. இன்று 347 ஏடுகள் லண்டனிலே பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. 1975 இல் மடத்தின் சுவரொன்றின் பின்னே மறைந்திருந்த அறையில் அதே பிரதியின் மேலும் சில ஏடுகள் அகப்பட்டன. அவை சினாயை விட்டு நகரவில்லை. டிஷன்டோர்ஃபின் கடுதாசியையும் துறவிகள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் நான் சுட்டிக்காட்ட விரும்பும் ஆள் டிஷன்டோர்ஃப் அல்லர். 1859 இல் அந்தப் பிரதியைச் சினாயிலிருந்து கெய்ரோவுக்குப் பாலைவனம் கடந்து சுமந்து வந்தது ஒரு பெதுவீன் ஒட்டகக்காரர். உலகின் மிகப் பழைய வேதாகமப் பிரதிகளுள் ஒன்று, எழுத்தறிவு இருந்ததோ இல்லையோ தெரியாத ஒரு மனிதரின் சேணத்தில் பயணம் செய்தது. ஒரு ஏடும் குறையாமல் உரிய இடத்தில் ஒப்படைத்தார். கற்றவர் கையெழுத்திட்ட வாக்குத் தவறிற்று. கையெழுத்தில்லாத வாக்கு நிறைவேறிற்று. சினாய் மலையின் வரலாற்றை இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே படித்துவிடலாம் என்று நான் நினைப்பதுண்டு.

இறங்குவதற்கு ஒட்டகப் பாதையைத் தெரிந்தெடுத்தோம். 1848 முதல் 1854 வரை எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா அமைத்த பாதை அது. பக்கத்து மலையொன்றில் மாளிகையும் கட்டத் தொடங்கினான். முடியும் முன் இறந்துபோனான். கூரையில்லாத சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பாதை மாத்திரம் பயன்படுகிறது. 1967 யுத்தத்தின் பின் குடாநாடு இஸ்ரேலிய ஆட்சியிலிருந்தது. இப்பகுதி 1979 நவம்பரில் எகிப்திடம் மீண்டது. பாஷாவும் படைகளும் வந்து போயின. ஒவ்வொருவருக்கும் வழி காட்டியவர்கள் அதே மலையினரே.

பாதை திரும்பும் ஓரிடத்தில் வழிகாட்டி நின்றார். கீழே பள்ளத்தாக்கில் பாரந்தூக்கி இயந்திரங்கள் நின்றன. புதுச் சுவர்கள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. 1990 ஆம் ஆண்டளவில் இம்மலைக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் யோசனை எழுந்து, உலகெங்கும் கண்டனம் வந்தபின் அடங்கிப்போனது. 2002 இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பிரதேசத்தை உலக மரபுரிமையாக அறிவித்தது. 2021 இல் எகிப்திய அரசு உல்லாச விடுதிகள், வீடுகள், வரவேற்பு நிலையம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டம் ஒன்றை இப்பள்ளத்தாக்கில் ஆரம்பித்தது. நான் கண்டவை அதன் வேலைகள். 2025 மே மாதத்தில் எகிப்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மடத்துக் காணிகள் அரசுக்குரியவை, துறவிகளுக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபோது கிரேக்க நாட்டிலும் பெரும் கவலை எழுந்தது.

வழிகாட்டிக்குத் தெரிந்தது அவ்வளவு பெரிய விடயமன்று. "விடுதிக்கு வருகிறவர்களுக்கு அவர்களே ஆள் வைத்துக்கொள்வார்கள். வேலை கேட்டுப் போனால் எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த மொழி தெரியுமா என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது இந்த மலை" என்றார். சற்றுப் பொறுத்து, "என் மகனை நான் மேலே கூட்டி வருகிறேன். எந்தக் கல் ஆடும் என்று காட்டியிருக்கிறேன். அவன் நகரத்துக்குப் போகப் பார்க்கிறான். போகட்டும். பிழைப்பு வேண்டுந்தானே" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அவர் கதைக்கவில்லை. அதன் பின்பே தம் பெயரை எழுத வேண்டாம் என்றார். திட்டத்தைப் பற்றிப் பேசியவர் என்று அறியப்பட்டால் முறைப்பட்டியலில் தம் இடம் போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

அபிவிருத்தி வேண்டாம் என்று கொழும்பிலிருந்து சொல்ல எனக்கு என்ன உரிமை? அவருடைய குலத்தாருக்கும் வைத்தியசாலையும் நல்ல பாடசாலையும் மாதச் சம்பளமும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. ஏடுகளைக் காப்பதற்கு உலகமெங்கும் நூலகங்கள் இருக்கின்றன. சினாய்ச் சுவடிகளில் சுரண்டி அழிக்கப்பட்ட எழுத்துகளைக்கூட இன்று விசேஷ ஒளியில் படம்பிடித்து வாசிக்கிறார்கள். கோக்கேசிய அல்பேனிய மொழியின் அழிந்த இலக்கியம் அப்படித்தான், இம்மடத்துச் சுவடிகளில் மேலெழுத்தின் கீழிருந்து மீட்கப்பட்டது. எந்தப் படி ஆடும் என்ற அறிவை எந்த ஒளியில் மீட்பது? அது தகப்பன் காலிலிருந்து மகன் காலுக்குப் போகும் அறிவு. ஒரு தலைமுறை மலையை விட்டு இறங்கினால் அந்த ஏடு கிழிந்துவிடும், பிரதியும் இராது.

கொஸ்மாஸ் கண்ட நபாத்தேயர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கல்லில் எழுதினார்கள். கூரை உத்தரத்தில் ஸ்தபதி ஸ்தேபானின் பெயர் இருக்கிறது. ஜபலிய்யா வழிகாட்டிகள் தங்கள் பெயரை எங்கும் எழுதவில்லை. அவர்கள் தூக்கி வைத்த கற்கள் படிகளாக இருக்கின்றன. அவற்றின் மீது நடந்தே எகேரியாவுக்குப் பின்வந்த அத்தனை பேரும் ஏறி, இறங்கி, நூல் எழுதினார்கள். அந்நூல்களை வாசிப்பவர்கள், 'எமது வழிகாட்டி' என்ற சொல் வரும் இடத்தில் ஒரு கணம் தாமதித்துச் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.